உங்களுக்குத் தெரியுமா? – குற்றால அருவிக்கு மேலே

குற்றாலத்துக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், தலையில் எண்ணெய், கையில் மங்குஸ்தான் என்று வரிசையாகச் சொல்வார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "மலையிலிருந்துதான்" என்பதோடு முடிந்துவிடும். இந்த வாரம் அந்த மலைமேல் ஏறிப் பார்ப்போம். வழியில் அருவி உண்டு, சுனை உண்டு, அணை ஏரி உண்டு. மலைக்கு அந்தப்பக்கம் கேரளக் காட்டுக்குள் பெரிய ஏரி ஒன்றும் உண்டு.

பாதி வழியில் ஒரு 'கடல்'

பேரருவியில் நம் தலைமேல் விழும் தண்ணீர் மலையுச்சியிலிருந்து ஒரே பாய்ச்சலில் வருவதில்லை, தெரியுமா? நடுவில் பாறையைக் குடைந்த ஓர் ஆழமான கசத்தில் விழுந்து, சுழன்று, நிரம்பி, அங்கிருந்து பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அதற்குப் பெயர் பொங்குமாங்கடல். உச்சியிலிருந்து நேராக விழுந்தால் அந்த வேகத்துக்கு யாராலும் கீழே நிற்க முடியாது. வேகத்தை வாங்கிக்கொண்டு நம்மைக் குளிக்க விடுவது அந்தக் கசம்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது கண்ணில் படாது. தண்ணீர் வெளியே எகிறிக் குதிக்கும் இடம் மட்டும் தெரியும்.

தண்ணீர் வரத்து குறைந்த நாளில் போனீர்களானால் இன்னொன்றையும் பார்க்கலாம். அருவி விழும் பாறையிலேயே சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சீசனில் அவற்றுக்கு இடைவிடாத அபிஷேகம். சீசன் ஓய்ந்த பிறகுதான் நமக்குத் தரிசனம்.

செண்பகாதேவிக்குப் போகும் வழி

பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறினால் செண்பகாதேவி அருவி வரும். பேரருவிக்குப் பக்கத்திலிருக்கும் சிற்றருவியைத் தாண்டித்தான் ஏற்றம் தொடங்குகிறது. மரவேர்களே படிகளாக இருக்கும் பாதை. மழைக்காலத்தில் பாறை முழுக்கப் பாசி படர்ந்திருக்கும், செருப்புக் கால் நிற்காது. ஒருபக்கம் சிற்றாறு, கண்ணில் படாத இடத்திலும் இரைச்சலாகக் கூடவே வரும். வழிநெடுகப் பாறைக் குகைகள் இருக்கின்றன: ஔவையார் குகை, தட்சிணாமூர்த்தி குகை, பரதேசிப்புடை. இந்தக் கடைசிப் பெயரிலேயே, ஊரை விட்டு வந்து இந்தப் பாறையிடுக்கில் உட்கார்ந்துவிட்டவர்களின் கதை அடங்கியிருக்கிறது.

செண்பகாதேவி அருவி உயரத்தில் பெரிதில்லை. ஆனால் அது விழுந்து தேங்கும் இடம் பார்க்கப் பார்க்க அலுக்காது. கரும்பச்சை நிறத்தில் அசையாமல் கிடக்கும் தண்ணீர். அந்த அமைதியை நம்பி இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. அடியில் சுழல் இருக்கிறது, பாறை இடுக்குகள் இருக்கின்றன. அருவிக்கு அருகே செண்பகாதேவி அம்மன் கோயில். சித்ரா பௌர்ணமி அங்கே விசேஷம். மற்ற நாட்களில் பொதுமக்களை அந்தப் பாதையில் வனத்துறை விடுவதில்லை. விழாவையொட்டித்தான் அனுமதி கிடைக்கும்.

அதற்கும் மேலே தேனருவி. பாறை விளிம்புகளில் மலைத்தேனீ கட்டும் பெரிய தேனடைகளால் வந்த பெயர். சாதாரண ஆட்களுக்கு அந்த வழி கிடையாது. தேனீ கலைந்தால் ஓடி ஒளிய இடமில்லாத சரிவு அது. தடை போட்டிருப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் மலைவழிகாட்டி

குற்றால மலையை ஊருக்கு முதலில் விளம்பரம் செய்தவர் யார் என்று கேட்டால், சுற்றுலாத்துறையைச் சொல்லாதீர்கள். அது ஒரு குறத்தி. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லிக்குக் குறிசொல்ல வரும் சிங்கி, கையைப் பார்ப்பதற்கு முன்பே தன் மலையின் வளத்தைப் பாடத் தொடங்கிவிடுகிறாள். குரங்கு, தேன், அருவி, சித்தர் என்று ஒன்றையும் விடுவதில்லை. மலையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தவள் பாட்டில்லை அது. தினமும் அதில் ஏறி இறங்கியவள் பாட்டு.

எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர். ஊர் மேலகரம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். ஒரு புத்தகத்தின் பெயரில் பட்டா நிலம்! இன்றைய எழுத்தாளர்கள் பொறாமைப்படாமல் படிக்கவும்.

சாரலின் ரகசியம்

ஜூனில் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. மலைச்சுவர் மறித்துவிடுகிறது. அப்படியிருக்கத் தென்காசிக்கு மட்டும் எப்படிச் சாரல்? செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு அருகில், அந்தச் சுவரில் ஓர் இடைவெளி இருக்கிறது. சுமார் 7 கிலோமீட்டர் அகலம். ஈரக்காற்று அதன் வழியே நுழைந்து இந்தப்பக்கம் பூத்தூறலாக இறங்குகிறது. மேலே மலையுச்சிகளில் அதே மேகம் கனமழையாகக் கொட்டுகிறது. அருவி அந்த மழையால் ஓடுகிறது, ஊர் இந்தத் தூறலால் குளிர்கிறது. வானம் வெளுத்திருக்கும்போதே முகத்தில் பொடித்தூறல் விழும் அதிசயம் இப்படித்தான்.

தென்காசியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போங்கள். சாரல் ஒரு கோடு கிழித்தாற்போல நின்றுவிடும், பிறகு அனல்தான். அருவிகளுக்கு அக்டோபருக்குமேல் வடகிழக்குப் பருவமழையாலும் இன்னொரு சுற்றுத் தண்ணீர் வரும். ஆனால் அப்போது சாரல் இருக்காது. குற்றாலத்துக்காரர்கள் அதைச் சீசன் என்று ஒப்புக்கொள்வதே இல்லை.

கணவாய்க்கு இந்தப்பக்கம் ஒரு பறவை, அந்தப்பக்கம் வேறு

காற்றுக்கு வாசலாக இருக்கும் இதே இடைவெளி, உயிரினங்களுக்குச் சுவராக இருக்கிறது. உயர்ந்த மலைச்சோலைகளில் மட்டும் வாழும் சிறு பறவைகள் 7 கிலோமீட்டர் சமவெளி வெயிலைத் தாண்டிப் பறந்து போவதில்லை. ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இப்படிப் பிரிந்தே இருந்ததில் இருபுறத்துப் பறவைகளும் வேறு வேறு இனங்களாகவே ஆகிவிட்டன. கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைத் தொடரில் மட்டும் வாழும் ஒரு நீலநிறச் சோலைப் பறவையைத் தனி இனம் என்று ஆய்வாளர்கள் 2017-இல்தான் அறிவித்தார்கள். அந்தத் தொடரின் இன்னொரு பெயரான அசம்பு மலையின் பெயரையே அதற்கு அறிவியல் பெயரிலும் சூட்டினார்கள். அதுவரை அதை வடக்கேயுள்ள உறவினத்தோடு சேர்த்தே எண்ணியிருந்தார்கள்.

மரங்களிலும் இப்படி ஒன்று உண்டு. செங்குறிஞ்சி என்ற மரம் ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளுக்கே உரியது. யானைக்கு ஒருகாலத்தில் இந்த இடைவெளி தடையே இல்லை. இப்போது கொல்லத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை, ரயில்பாதை, ரப்பர்த் தோட்டம், வீடுகள் எல்லாம் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. கணவாயால் பிரியாதவற்றை நாம் பிரித்துவிட்டோம்.

பூவைப் பார்த்து ஓவியம், ஓவியரின் பெயரில் பூ

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்தவர். 1830-களில் பாளையங்கோட்டையில் இருந்தபோது குற்றால மலைச் செடிகொடிகளைச் சலித்து எடுத்தார். தென்னிந்தியத் தாவரங்களுக்கு அவர் வெளியிட்ட படப்புத்தகங்களில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். இலையின் நரம்பு, மகரந்தப் பை, விதையின் குறுக்குவெட்டு என்று கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியதையெல்லாம் தூரிகை முனையில் பிடித்தவர்கள். அந்தக் காலத்து வெள்ளைக்கார நூல்களில் உள்ளூர் ஓவியரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. வைட் பெயரைப் போட்டார். அதோடு நிற்காமல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். ரங்கையாவின் பெயரிலும் 'ருங்கியா' என்று ஒரு செடிப் பேரினம் இருக்கிறது. கோவிந்துவின் பெயர் பிற்காலத்து வகைப்பாட்டு மாற்றத்தில் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ரங்கையாவின் பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊர் வயல்வரப்புகளிலேயே ருங்கியா இனச் செடிகள் முளைக்கின்றன, நாமும் களை என்று பிடுங்கிப் போடுகிறோம்.

மலேயாப் பழம் இங்கே எப்படி?

சீசன் கடைகளில் குவிந்திருக்கும் மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் எல்லாம் தென்கிழக்காசியச் சரக்கு. ஜாதிக்காயும் கிராம்பும் அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து வந்தவை. ஏறத்தாழ 1800-ஐ ஒட்டிக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். அந்தத் தீவுகளைப் போன்ற ஈரமும் நிழலும் இங்கே இருந்ததால் மரங்கள் பிழைத்துக்கொண்டன. வாங்கும்போது ஒரு யோசனை: மங்குஸ்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தோல் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே சுளை கெட்டுப்போயிருக்கும், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும்.

மலையடி ஏரிகள்

தென்காசி மாவட்டத்தில் இயற்கையான மலை ஏரி என்று பெரிதாக எதுவும் இல்லை. அந்தக் குறையை அணைகள் தீர்த்துவிட்டன. மலை முடிந்து வயல் தொடங்கும் விளிம்பில், வடக்கிலிருந்து தெற்காகக் கருப்பாநதி, அடவிநயினார், குண்டாறு, ராமநதி, கடனாநதி என்று ஐந்து அணைகள். சீசன் காலத்துத் தினசரிகளில் இவற்றின் நீர்மட்டம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தினமும் வரும். அடவிநயினாருக்கு 132 அடி, கடனாவுக்கு 85, ராமநதிக்கு 84, கருப்பாநதிக்கு 72.

குண்டாறுக்கு வெறும் 36 அடிதான். சின்னப் பாத்திரம் என்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் முதலில் நிரம்பி வழிவது அதுதான். செங்கோட்டைக்கு மேற்கே கண்ணுப்புளிமெட்டுக்குப் போனால் மூன்று பக்கமும் காடு இறங்கிவந்து தண்ணீரைத் தொடும் இடத்தில் அந்த அணை இருக்கிறது. காலையில் மேகம் நீர்மட்டத்திலேயே தவழும். கரையில் நின்று பார்க்க மலை ஏறத் தேவையில்லை. அதற்கும் மேலே உள்ள அருவிகளுக்கு ஜீப்பில் ஏற்றிப்போகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், அனுமதி உண்டா என்று ஒருமுறை விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

தேரை துள்ளிய கதை

தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில், யானை படுத்திருப்பது போன்ற தோரணமலை. உச்சியில் குகைக்குள் முருகன். படியேறித்தான் போக வேண்டும். இந்த மலையில் 64 சுனைகள் உண்டு என்பது நம்பிக்கை. எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் பாறைக்குழிகளில் கோடையிலும் தண்ணீர் கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பாறை வெடிப்புகளில் மழைநீர் இறங்கி மெல்லக் கசிந்து தேங்குகிறது.

அகத்தியரும் அவருடைய சீடர் தேரையரும் வைத்தியம் செய்த இடம் என்று இந்த மலையைச் சொல்கிறார்கள். அந்தத் தேரையருக்குப் பெயர் வந்த கதை ருசியானது. தீராத தலைவலிக்காரர் ஒருவரின் கபாலத்தை அகத்தியர் திறக்கிறார். உள்ளே மூளைமேல் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. கிடுக்கியால் எடுக்கப்போனால் அது மூளையைப் பற்றிக்கொள்ளும். என்ன செய்வது என்று குருவே திகைக்கிறார். சீடன் ஒன்றும் பேசாமல் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து தேரைக்கு முன்னால் அளைந்து காட்டுகிறான். சளசளவென்ற சத்தம் கேட்டதும் தேரை தானாகத் துள்ளித் தண்ணீரில் குதிக்கிறது. கபாலத்தை மூடித் தைத்தாயிற்று. மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் சேராது. ஆனால் தேரையின் குணம் தெரிந்த ஊரில்தான் இப்படி ஒரு கதை பிறக்கும்.

ஒரு கொசுறு

அதே கடையம்தான் பாரதியாருக்கு மாமனார் ஊர். 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தவர் இங்கே வந்து 1920 வரை இருந்தார். ஊருக்கு மேற்கே ராமநதி வந்து இறங்கும் மலை, மலையடிவாரத்தில் நித்தியகல்யாணி அம்மன் கோயில். அந்தக் கோயில் வழியெல்லாம் அவர் நடந்த வழி.

அந்தப்பக்கத்து ஏரி

குற்றால மலையின் முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்ததுண்டா? கேரளத்தின் செந்துருணி வனவிலங்கு சரணாலயம். செங்குறிஞ்சி மரத்தின் மலையாளப் பெயரால் அமைந்த காடு. 1984-இல் அறிவிக்கப்பட்டது. அதன் நடுவே கல்லடை ஆற்றைத் தென்மலையில் அணை கட்டி மறித்ததால் உண்டான பரந்த ஏரி கிடக்கிறது. ஆரியங்காவிலிருந்து காட்டுவழியாக ரோஸ்மலைக்குப் போனால் அந்த ஏரியை மேலிருந்து பார்க்கலாம். மூழ்கிய குன்றுகளின் தலைகள் மட்டும் சின்னச் சின்னத் தீவுகளாக மேலே நிற்கும். ஒரே மலையில் பெய்யும் மழை, உச்சிக்கு மேற்கே விழுந்தால் கல்லடையில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுந்தால் சிற்றாறாகிக் குற்றாலத்தில் குதித்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. இரண்டுக்கும் பிரிவினை மலையுச்சியில், சில அடி தூர இடைவெளியில் நடக்கிறது.

'ஆர்ச்சைத் தாண்டிருச்சு'

குற்றாலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், போலீஸ் விசில் அடிக்கும்.

விசிலுக்குக் காத்திருக்கவும் நேரமில்லாத வெள்ளம் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. மேலே காட்டில் மழை கொட்டும்போது கீழே வெறும் மேகமூட்டமாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. மலைப்பாதையில் ஓடையைக் கடக்கிறவர்கள் பார்ப்பது மூன்று அடையாளங்கள்: தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்பழுப்பாவது, சருகும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வருவது, இரைச்சலின் சுருதி மாறுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிவிட வேண்டும். செல்பி எடுக்க அரை நிமிஷம்கூடக் கிடையாது.

காட்டுக்குள் நடக்கச் சீட்டு

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வனப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு செய்து பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகும் திட்டத்தைத் தொடங்கியது. தென்காசியும் அந்த 14-இல் ஒன்று. தீ அபாயமுள்ள கோடையில் பாதைகளை மூடிவிடுவார்கள். வழிகாட்டிகளில் பலர் மலையடிவாரத்துக்காரர்கள், பழங்குடியினர். சிங்கியின் வேலைக்கு இப்போது சம்பளம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யாமல் குறுக்குவழியில் காப்புக்காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். "எனக்குத் தெரிஞ்ச பையன் கூட்டிட்டுப் போவான்" என்ற பேச்சு வனச்சரகர் முன்னால் எடுபடாது.

அட்டைக்கு வைத்தியம்

சாரல் காலத்தில் காட்டுக்குள் போனால் அட்டை ஏறாமல் வர முடியாது. பிடித்து இழுக்காதீர்கள், காயம்தான் பெரிதாகும். கொஞ்சம் உப்போ ஈரப் புகையிலையோ தொட்டு வைத்தால் தானாகச் சுருண்டு விழும். விழுந்த பிறகும் ரத்தம் சிறிது நேரம் கசியும், ஏனென்றால் கடிக்கும்போதே ரத்தம் உறையாமலிருக்க ஒரு சாற்றைச் செலுத்திவிடுகிறது. வலியே தெரியாது. சாக்ஸைக் கழற்றும்போதுதான் அலறல் கிளம்பும்.

பசியோடு இறங்குகிறவர்களுக்கு

செங்கோட்டைச் சாலையில் பிரானூரில் 'பார்டர் பரோட்டா' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, கேரள எல்லை இன்னும் மேற்கே அல்லவா இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. அன்றைய எல்லை இங்கேதான். எல்லை நகர்ந்து போய்விட்டது, பரோட்டா நகரவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றிப் பிய்த்துப் போட்ட பரோட்டாவுக்கு நியாயம் செய்ய, மலை ஏறி இறங்கிய பசி தேவைப்படுகிறது.

நடக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி

முட்டுவலிக்காரர்களும் சோம்பேறிகளும் மனம் தளர வேண்டாம். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில் ஏறுங்கள். 1904-இல் மலையைக் குடைந்து போட்ட பாதை. மீட்டர்கேஜாக நூறாண்டுக்கு மேல் ஓடி, அகலப்பாதையாக மாறி 2018-இல் மீண்டும் திறந்தது. பகவதிபுரம் தாண்டியதும் சுரங்கம், வெளியே வந்தால் ஆரியங்காவு, பிறகு காடு, பள்ளத்தாக்கு, கழுத்துருட்டி அருகே பதின்மூன்று வளைவுகள் கொண்ட கருங்கல் பாலம். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கதவைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். சாரல் உள்ளேயே வந்து நனைக்கும். அட்டை மட்டும் வராது.